கம்பளி நூல் அடைத்த ஜன்னல்

எங்கள் வீட்டில் முப்பது வருடங்களாக ஒரே ஒரு சண்டைதான். ஜன்னல். நான் திறப்பேன், அவர் சாத்துவார். நான் ஊட்டியில் பிறந்து வளர்ந்தவள். காற்று வராத அறையில் எனக்குத் தூக்கம் வராது. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, அவிநாசிப் பக்கத்து வெயிலில் வளர்ந்து, என்னைக் கட்டிய பாவத்துக்கு மலையேறியவர். கல்யாணத்துக்கு மறுநாள் போர்த்திய சால்வையை அப்பா இன்னும் எடுக்கவில்லை என்று எங்கள் மகள் மேகலா கேலி செய்வாள்.

சாத்துவதோடு விட்டாலும் பரவாயில்லை. ஊட்டி பெர்ன்ஹில்லில் நாங்கள் இருப்பது பழைய வீடு. மர ஜன்னல்கள் மழையில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் கோணிப்போய், சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து விழுந்திருக்கும். மார்க்கெட்டில் எங்களுக்கு ஒரு கம்பளி நூல் கடை உண்டு. நூல், ஸ்வெட்டர், குல்லாய் வியாபாரம். கடையில் மிஞ்சுகிற துண்டு நூலையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, பின்னல் ஊசியால் அந்தச் சந்துகளில் குத்திக் குத்தி அடைப்பார். சிவப்பு, பச்சை, ரோஸ், கறுப்பு. தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் ஜன்னல்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பது போலிருக்கும். கோபம் வந்தால் நான் ஒரு ஜன்னலில் இருப்பதைப் பிடுங்கி எறிவேன். அவர் மறுநாள் வேறு நிறத்தில் அடைத்து வைத்திருப்பார்.

"ஏனுங்க, மூச்சு முட்டுதுங்க" என்பேன்.

"முட்டுனா முட்டட்டும் சரோசா. சளி புடிச்சா அப்புறம் யாரு பாக்கறது?" என்பார்.

இந்தச் சண்டையைச் சொல்லாமல் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைச் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கிருந்து தொடங்கினேன்.

கொரோனா இரண்டாவது முறை மலையேறி வந்தபோது ஊட்டியில் சீசன் நேரம். சீசன் என்று பெயர்தான். ஏரிப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தோம். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். கேரட்டை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டார். கதவுக் கைப்பிடியைத் துடைத்துத் துடைத்தே பெயின்ட் போய்விட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்றால், இவர் உள்ளே நின்றுகொண்டு சைகையில் பேசுவார். தடுப்பூசி மட்டும் நான் முதலில் போட்டுக்கொண்டேன். "ரெண்டு பேருக்கும் ஒட்டுக்கா காச்சல் வந்துட்டா கஞ்சி காச்சறக்கு ஆள் வேணுமில்ல? நீ போட்டுக்க, நான் அடுத்த தடவ போட்டுக்கறேன்" என்றார். அந்த அடுத்த தடவை வரவில்லை.

இத்தனையும் செய்தவர், கூடவே எல்லா ஜன்னலையும் புதிதாக அடைத்தார். கெட்ட காற்று உள்ளே வந்துவிடக்கூடாதாம். குளிர்தான் எதிரி, கதகதப்புதான் மருந்து என்பது மலையில் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். ஒருவர் இருமினால் முதலில் சாத்தப்படுவது ஜன்னல்தான். நானும் அந்த முறை சண்டை போடவில்லை. யாருக்கு என்ன தெரியும்?

எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. பாங்க்கில் வரிசையில் நின்றேன், மருந்துக் கடைக்குப் போனேன். ஒரு சாயங்காலம் உடம்பு அடித்துப்போட்டது போல வலித்தது. காய்ச்சல் வந்தது. ரசத்தில் உப்பில்லை என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். "நல்லாப் போட்டுத்தான இருக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உப்பு இருந்தது, எனக்குத்தான் ருசி தெரியவில்லை.

அப்புறம் அவர் என்னைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அறை ஜன்னலில் இருந்த ஒன்றிரண்டு சந்துகளையும் அடைத்தார். இரும்புச் சட்டியில் கரிக் கங்கு போட்டு எடுத்துவந்து அறையைச் சூடாக்குவார். சூடானதும் சட்டியைத் தூக்கிப் புழக்கடையில் வைத்துவிடுவார். சாத்திய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியும், அதில் ரொம்பக் கவனம். பிறகு கதவையும் சாத்திக்கொண்டு, என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நெற்றித் துணியை மாற்றுவார். பேப்பரை எடுத்து உள்ளூர்ச் செய்தி ஒன்று விடாமல் சத்தமாகப் படிப்பார். துணி மாஸ்க் போட்டிருந்தார். கஞ்சியை ஊதி ஆற்றும்போது அதைத் தாடைக்கு இறக்கிவிடுவார்.

கோயம்புத்தூரில் இருந்து மேகலா போனில் கத்தினாள். "அப்பா, நீங்க வேற ரூம்ல இருங்க. அம்மாவுக்குச் சாப்பாட்ட ரூம் வாசல்ல வச்சுட்டு வந்துருங்க."

"உங்கம்மா என்ன நாய்க்குட்டியா கண்ணு, வாசல்ல வச்சுட்டு வர்றக்கு?" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பரிசோதனைக்குப் போனோம். நீளமான பஞ்சுக் குச்சியை மூக்கு வழியாக விட்டு, ஆழத்தில் ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார்கள். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டும். அந்தச் சளியில் கிருமி இருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பார்கள். இருந்தது. விரலில் துணி மாட்டுகிற கிளிப் போல ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். மலையில் இருப்பவர்களுக்கு நன்றாக இருக்கும்போதே கீழே இருப்பவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டுமாம். எனக்குக் கொஞ்சம் அல்ல, நன்றாகவே குறைந்திருந்தது. எனக்கோ மூச்சுத் திணறலே தெரியவில்லை. இந்த நோயின் திருட்டுத்தனம் இதுதான் என்று டாக்டர் சொன்னார். ஆள் பேசிக்கொண்டே இருப்பார், உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும்.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட யாரும் வரக்கூடாது என்றார்கள். அவர் எனக்கு ஒரு சால்வை போர்த்தி, அதற்கு மேல் தன்னுடைய சால்வையையும் எடுத்துப் போர்த்தினார். மேகலா கேலி செய்யும் அதே சால்வைதான். காதோடு சேர்த்து மங்கி குல்லாயை இழுத்துவிட்டார். வண்டிக்காரரிடம், "அண்ணா, அந்தப் பக்கத்துக் கண்ணாடிய ஏத்திவிட்ருங்க, குளிரும்" என்றார். வண்டி திரும்பும்வரை கேட்டில் நின்றார். சால்வையில்லாமல் அவர் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். தோள் இவ்வளவு சிறியதா என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு மாடியில். போனதும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டும், அங்கே காற்று இருப்பதாக அர்த்தம். என்னுடையதில் அங்கங்கே வெள்ளையாக மூடியிருந்தது. பனிக்காலத்துக் காலையில் ஜன்னல் கண்ணாடி மங்கிப்போய் இருக்குமே, அப்படி. மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். வீக்கம் குறைய ஒரு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஓர் ஊசி. அந்த வீக்க மருந்து சர்க்கரையை ஏற்றும் என்பதால் அடிக்கடி விரலைக் குத்திப் பார்த்தார்கள். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் குப்புறப் படுப்பது. குப்புறப் படுத்தால் முதுகுப்பக்கத்து நுரையீரல் விரிந்து காற்று வாங்கும். பக்கத்துக் கட்டிலில் மாரியாயி என்று, தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா. "பிள்ளைத்தாச்சி மாதிரி வயித்த வச்சிக்கிட்டு நான் எப்பிடிடியம்மா குப்புறப் படுப்பேன்?" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்பாள்.

அந்த வார்டில் எனக்குப் பெரிய ஆச்சரியம், ஜன்னல்கள். அத்தனையும் திறந்து கிடந்தன. பனி உள்ளே வந்து கட்டில் கம்பியெல்லாம் ஈரமாகிவிடும். நாங்கள் எல்லோரும் போர்வைக்குள் நடுங்கினோம். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் யாராவது எழுந்து சாத்துவார்கள். அவர் திரும்பி வந்து திறப்பார். அவர் பெயர் ஷீபா, கூடலூர்ப் பக்கம், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். உடம்பு முழுக்க மூடிய உடையில் கண்ணாடிக்குள்ளே இரண்டு கண் மட்டும்தான் தெரியும்.

"யாராக்கும் இத அடைச்சது?" என்று ஒருநாள் சத்தம் போட்டார்.

மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குளிருக்குச் செத்துருவோம் போலருக்கே தாயி. சீக்காளியப் போட்டு வச்சிருக்கிற எடத்தில யாராச்சும் ஜன்னல தொறப்பாகளா?"

ஷீபா அவள் கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். "சேச்சி, காலைல கொழுந்தெடுக்கப் போகும்போ பேசினா வாயில இருந்து புகை வருமில்லே?"

"வரும்."

"அது எவ்வளவு தூரம் போகும்?"

"முன்னால நிக்கிறவ மூஞ்சி வரைக்கும் போகும்."

"அதான். நம்ம மூச்சு அவ்வளவு தூரம் போகுது. மத்த நேரம் கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். கொரோனா இருக்கிற ஆளு மூச்சு விட்டா, பேசினா, இருமினா, அந்தப் புகையில கிருமி இருக்கும். வெளியே தோட்டத்துல காத்து அத இழுத்துட்டுப் போயிடும். அடைச்ச ரூம்ல எங்க போகும்? அங்கேயே நிக்கும். ஊதுபத்தி அணைஞ்சும் வாசன நிக்குதில்லே, அது மாதிரி. அந்த ரூம்ல உக்காந்திருக்கிற ஆளு அதையே இழுத்து இழுத்து உள்ள விடணும். கை கழுவறது நல்லதுதான். ஆனா மூச்சக் கழுவ காத்துதான் வேணும், கேட்டோ."

கொரோனா என்பது ஒரே கிருமியின் பெயர் அல்ல, அது ஒரு குடும்பம் என்றும் அவர்தான் சொன்னார். அதில் சில, வருடா வருடம் நமக்கு வந்துபோகிற சாதாரணச் சளியைக் கொடுப்பவை. இது அந்தக் குடும்பத்தில் புதிதாக மனிதர்களிடம் வந்து சேர்ந்த ஒன்று. நம் உடம்புக்கு அதை அடையாளம் தெரியவில்லை, அதனால் இந்தப் பாடு. தடுப்பூசி என்பது உடம்புக்கு அதன் முகத்தை முன்கூட்டியே காட்டி வைப்பது. மற்றவர்களும் கேள்வி கேட்டார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கரிச்சட்டியில் சூடான என் அறை கண் முன்னால் வந்துவிட்டது. அடைத்த நூல், சாத்திய கதவு, பக்கத்தில் நாற்காலி. தாடைக்கு இறங்கிய மாஸ்க்கோடு என் கஞ்சியை ஊதிக்கொண்டிருக்கிறார். நான் இருமுகிறேன்.

ஷீபா என்னைப் பார்த்து, "சரோஜா சேச்சி, இனி ஜன்னலுக்கு நீங்கதான் இன்சார்ஜ். ஒருத்தரையும் அடைக்க விடாதீங்க" என்றார். முப்பது வருடச் சண்டையில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு அது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவர் போன் செய்தார். குரலில் கரகரப்பு.

"எனக்கும் இருக்குதாமா சரோசா. பெருசா ஒண்ணுமில்ல, இருமலுதான். டெஸ்டு எடுத்துட்டுப் போனாங்க, ஊட்டுலயே இருக்கச் சொல்லிட்டாங்க. சுகாதார நர்ஸம்மா தெனமும் போன் பண்ணிக் கேக்கறாங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என்ன சத்தத்தையே காணோம்? உன்னால வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டியாக்கும்? அதெல்லாம் ஒண்ணுமில்ல. உனக்குக் கீரை வாங்கறக்கு மார்க்கெட் போனனில்ல, அங்க ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா தும்முனான். அவன்கிட்ட இருந்துதான் வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"ஜன்னலுங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எல்லாஞ் சாத்தித்தான் இருக்குது. ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது. நீ அதப் பத்திக் கவலப்படாத."

அவருக்கு அதில் எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்வேன்? நீங்கள் எனக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று சாத்தி வைத்ததுதான் உங்களுக்கே வினையாகிவிட்டது என்று, தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் சொல்வதா? "நல்லதுங்க, வெந்நி குடிங்க" என்றேன். போனை வைத்துவிட்டு மாரியாயி பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில நாட்களில் அவரையும் கொண்டுவந்தார்கள். ஆண்கள் வார்டு கீழே. நான் மேலே, அவர் கீழே, நடுவில் ஒரு மாடிப்படி. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்க்க முடியாது. இரண்டு வார்டுக்கும் முறை வைத்துப் போகிற ஷீபாதான் எங்களுக்குத் தபால்காரர். என் தட்டில் வைத்த வேகவைத்த முட்டையைச் சாப்பிட்டேனா என்று அவர் கேட்டனுப்புவார். காலில் சாக்ஸ் போட்டிருக்கிறாரா என்று நான் கேட்டனுப்புவேன்.

ஒருநாள் ஷீபா சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க வீட்டுக்காரர் ஜன்னலோரத்து பெட் கேட்டு வாங்கிட்டார் சேச்சி. திறந்தே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்னு சொல்றார். கீழேயும் எனக்கு ஒரு இன்சார்ஜ் கிடைச்சாச்சு."

"எங்க வீட்டுக்காரரா? வேற யாரையாவது சொல்றீங்க சிஸ்டர்" என்றேன்.

"நாச்சிமுத்து அண்ணன்தான். மங்கி குல்லா."

ஆக்சிஜன் குறைந்தால் ஆட்களுக்குப் புத்தி தடுமாறும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருந்தேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார் என்றால் இவருக்கு உள்ளே ஏதோ மோசமாகிவிட்டது என்று பயந்தேன்.

அவரை ஒரே ஒருமுறை பார்த்தேன். எனக்கு இரண்டாவது ஸ்கேன் எடுக்கச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுபோனார்கள். ஆண்கள் வார்டின் வாசல் திறந்திருந்தது. கடைசிக் கட்டிலில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகத்தில் இறுக்கமான மாஸ்க். மூச்சை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளுகிற இயந்திரத்தோடு சேர்ந்தது அது. தலைமாட்டில் ஜன்னல் அகலத் திறந்து, பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் போர்த்தியிருந்த சால்வையைத் தூக்கிக் காட்டினேன், இது உங்களுக்கு வேண்டுமா என்று. அவர் கையை வீசி வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் விரலைக் காட்டி, கழுத்தோடு இழுத்துப் போர்த்துவது போலச் சைகை செய்தார். நான் போர்த்திக்கொண்டேன். நாற்காலியைத் தள்ளியவர் நிற்கவில்லை.

எனக்கு ஆக்சிஜன் குறைத்துக் குறைத்து, ஒரு கட்டத்தில் குழாயை எடுத்தார்கள். குழாய் எடுத்த அன்று சந்தோஷமாக அவருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று ஷீபாவைத் தேடினேன். அவர் வந்தார், கூடவே டாக்டரும் வந்தார். இரண்டு பேராக வந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விடியற்காலையில் இதயம் நின்றுவிட்டதாம். முடிந்தவரை பார்த்தோம் என்றார்கள். அவர்கள் பார்த்திருப்பார்கள், எனக்கு அதில் சந்தேகமில்லை. "கடைசியா ஏதாவது சொன்னாருங்களா?" என்று கேட்டேன். மாஸ்க் இருந்ததால் பேச முடியவில்லை என்றார்கள். ஷீபா அந்த மூடிய உடையோடு என்னைக் கட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் சரசரவென்றது. அவர் அழுதது அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

மேகலா இ-பாஸ் வாங்கிக்கொண்டு மலையேறி வந்துசேர்ந்தாள். அப்பாவின் முகத்தைத் தூரத்திலிருந்து காட்டினார்களாம். நான் மாடியில் ஜன்னலோரத்தில் நின்றேன். கீழே வண்டி கிளம்பியது. என் பிள்ளை தனியாக, உடம்பு முழுக்க வெள்ளை உடையில், வண்டியின் பின்னால் நடந்துபோனாள். மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்தவே இல்லை.

நான் வீட்டுக்குப் போன நாளில் ஊட்டியில் தூறல். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். அந்த அறைக்குள் போக வேண்டும். அவர் கையால் அடைத்த நூல் அப்படியே இருக்கும், நாற்காலி அப்படியே இருக்கும், அடைந்துபோன காற்று இருக்கும். அந்த நூலை நான் பிடுங்க வேண்டும். எப்படிப் பிடுங்குவேன்?

என்னை அழைத்துப்போகக் கோயம்புத்தூரிலிருந்து மறுபடி வந்த மேகலா பூட்டைத் திறந்தாள். உள்ளே காலை வைத்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. வீட்டுக்குள் பனி நின்றது. எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. கூடம், சமையலறை, என் அறை, எல்லாம். கம்பிக்குள் கையை விட்டுக் குரங்கு திரைச்சீலையை இழுத்துப்போட்டு, மேசைமேல் இருந்த வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றிருந்தது. தரையெல்லாம் ஈரமும் தூளும். ஜன்னல் சட்டங்களில் ஒரு நூல்கூட இல்லை. சந்துகள் துடைத்துவிட்டாற்போல் இருந்தன.

சாப்பாட்டு மேசையில் எங்கள் கடைப் பை இருந்தது. உள்ளே நூல் துண்டுகள், சிவப்பு, பச்சை, ரோஸ், கறுப்பு. ஈரமாகிவிடாமல் பையின் வாயை முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சில் பின்னல் ஊசி செருகியிருந்தது.

நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரும்மா வந்து திறந்தது?" என்றாள். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் நூர்ஜஹான் அக்காவின் குரல் கேட்டது. பக்கத்து வீடு, எங்கள் ஜன்னல் சண்டைக்கு முப்பது வருடச் சாட்சி. மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் வந்து நின்றார். அப்புறம் சொன்னார்.

"டெஸ்டு எடுத்துட்டுப் போனதுலருந்து ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும், ஜன்னல் ஜன்னலா நின்னு நூலப் புடுங்கிட்டு இருந்தாரு சரோஜா. இருமல் வேற. ரெண்டு நூல் எடுப்பாரு, உக்காந்துக்குவாரு. மறுக்கா எந்திரிச்சு எடுப்பாரு. எனக்கு மனசு கேக்கல. ஏனுங்கண்ணா, காச்சலோட எதுக்குக் குளிருல நிக்கறீங்கன்னு சத்தம் போட்டேன்."

"என்ன சொன்னாருங்க்கா?"

"நர்ஸம்மா போன்ல சொன்னாங்களாம், சாத்தி வச்சதுதான் தப்பாப் போச்சுன்னு. 'சரோசாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. அவகிட்ட மார்க்கெட்டுல வந்துச்சுன்னு சொல்லியிருக்கறேன். இல்லாட்டி தன்னாலதான் எனக்கு வந்துச்சுன்னு வெசனப்பட்டுக்குவா. அவ வர்றப்ப ஊட்டுல நல்ல காத்து இருக்கோணும்'ன்னாரு." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லிட்டேன், அவரு என்ன மன்னிக்கட்டும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. நான் போனில் அவரிடம் மறைத்தபோதே அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் சாத்தித்தான் இருக்கிறது என்று அவர் சொன்ன நேரத்தில், இந்தக் குளிரில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரத்துக் கட்டில் கேட்டது புத்தி தடுமாறி அல்ல. பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஷீபாவுக்கும் நல்ல காற்று கிடைக்கட்டும் என்று கேட்டிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதினால் அவரை ஊர் தப்பாக நினைக்குமோ என்று ரொம்ப நாள் யோசித்தேன். மேகலாதான், "அப்பாவே தெரிஞ்சுக்கிட்டதும் மாத்திக்கிட்டார், அத எழுதும்மா" என்றாள். அதனால் எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் என்றால், அவரை ஓர் அறையில் வையுங்கள், ஆனால் அந்த அறையை அடைக்காதீர்கள். குளிர்ந்தால் இரண்டு போர்வை சேர்த்துப் போர்த்துங்கள், குல்லாய் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பார்த்துக்கொள்கிறவர் மூக்கும் வாயும் மூடுகிற நல்ல மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், வேலை முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். கஞ்சியை வெளியிலேயே ஆற்றிக் கொண்டுபோங்கள். பாசம் இருந்தால் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக் காட்டுங்கள், கேட்கும். ஊசியை இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். கஞ்சி காய்ச்ச மகளோ பக்கத்து வீட்டு அக்காவோ வருவார்கள்.

அன்று சாயங்காலம் மேகலா தரையைத் துடைத்து, திரைச்சீலையைத் தைத்து மாட்டினாள். தூறல் நின்று பனி இறங்கியது. "குளிருதும்மா, சாத்திடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் அடுப்படிக்குப் போனதும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சால்வையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காற்று தாராளமாக உள்ளே வந்தது, நான் முப்பது வருடம் கேட்ட காற்று.

"ஏனுங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். "குளிருதுங்க. வந்து சாத்துங்க."